கேதார்கந்தாவுக்கு முதல் பயணம்: பை 14 கிலோ வருகிறது, எதைக் குறைப்பது?

மதுரை_மல்லி:

வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் உத்தராகண்டில் கேதார்கந்தா ஏறப் போகிறேன். கொடைக்கானல் குளிரைத் தாண்டி நான் எதையும் பார்த்ததில்லை. சாங்க்ரி கிராமத்திலிருந்து நான்கு நாள் நடை. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு, பனியில் வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் முள்சங்கிலி ஆகியவற்றை அழைத்துப்போகிறவர்களே தருகிறார்கள். மற்றதெல்லாம் நம் பொறுப்பு.

நேற்று எல்லாவற்றையும் பையில் அடைத்து நிறுத்துப் பார்த்தேன். 14 கிலோ. என் எடையே 54தான். ஜீன்ஸ் இரண்டு, பருத்திச் சட்டை ஐந்து, அம்மா கட்டாயப்படுத்தி வைத்த கம்பளிப் போர்வை, ஸ்வெட்டர் இரண்டு, குடை, பெரிய பிளாஸ்க், முறுக்கும் அதிரசமுமாக இரண்டு கிலோ. அக்கா 2015இல் வாங்கி ஒரே முறை போட்ட மலையேற்ற ஷூ பரணில் புதிது போலவே இருக்கிறது. எனக்கு அளவும் சரியாக இருக்கிறது. அதனால் ஷூ செலவு மிச்சம் என்று நினைக்கிறேன். கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

கோவை_டீச்சர்:

மகளே, மற்ற எதையும் பேசுவதற்கு முன் அந்த ஷூவைப் பரணிலேயே விட்டுவிடு. என் 51ஆவது வயதில் முதல்முறை இமயமலைக்குப் போனபோது தம்பி மகளின் பழைய ஷூவைத்தான் நானும் போட்டுக்கொண்டு போனேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. உச்சியிலிருந்து இறங்கும்போது வலது காலின் அடிப்பாகம் வாய் பிளந்தது. அரை மணி நேரத்தில் இடதும் அப்படியே. வழிகாட்டிப் பையன் கயிற்றால் கட்டிவிட்டான். பனி உள்ளே புகுந்து கால்விரல்கள் மரத்துப்போக, நான்கு மணி நேரம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அன்றைய பயம் இன்னும் நினைவில் இருக்கிறது. பல மலையேற்ற ஷூக்களின் அடியில் பாலியூரிதேன் என்ற மெத்தைப் பகுதி உண்டு. அணியாமல் சும்மா வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரமே ஆண்டுக்கணக்கில் அதைச் சிதைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, மலையில்தான் தெரியும்.

ஆகவே உன் பத்தாயிரத்தில் பாதி ஷூவுக்குப் போகட்டும். மாலையில் கடைக்குப் போ, பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார். சரிவில் நின்றால் கட்டைவிரல் முன்னால் இடிக்கக் கூடாது. வாங்கியதும் வீட்டிலேயே போட்டுக்கொண்டு நட. புறப்படும் முன் நகங்களை வெட்டிவிடு.

ஜீன்ஸையும் பருத்தியையும் எடுத்து வெளியே வை. மதுரை வெயிலில் வியர்வையை உறிஞ்சி, மெல்லக் காய்ந்து உடம்பைக் குளிர்விப்பதால்தான் பருத்தி நமக்குச் சுகமாக இருக்கிறது. பனியிலும் அது அதே வேலையைத்தான் செய்யும், அங்கே அதுதான் ஆபத்து. விளையாட்டுக்காரர்கள் போடும் சீக்கிரம் உலரும் சட்டை இரண்டு, அதேபோல் கால்சட்டை இரண்டு, தெர்மல் என்ற உடம்போடு ஒட்டும் கதகதப்பான உள்ளுடை ஒரு செட், ஃப்ளீஸ் என்ற மென்மயிர்த் துணிச் சட்டை ஒன்று, மேலே காற்றும் ஈரமும் புகாத மெல்லிய மேலங்கி ஒன்று. பெரிய ஜாக்கெட்டை வாடகைக்கு எடு, நம் ஊரில் பிறகு அதற்கு வேலையில்லை. ஏறும்போது ஜாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். வியர்க்க விடாதே, நின்றவுடன் போட்டுக்கொள்.

அந்தத் தெர்மலும் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையும் இரவுக்கு மட்டும். பகலில் எவ்வளவு குளிர்ந்தாலும் தொடாதே. தடித்த பாலிதீன் உறையில் கட்டி, பையின் நடுவில் வை. ஈரக் காலோடு படுத்தால் எந்த ஸ்லீப்பிங் பேக்கும் காப்பாற்றாது. அம்மாவின் போர்வை வீட்டிலேயே இருக்கட்டும். அதற்குப் பதிலாக, ஸ்லீப்பிங் பேக்கின் 'கம்ஃபர்ட்' வெப்பநிலை, அதாவது எந்தக் குளிர் வரை அதில் சுகமாகத் தூங்கலாம் என்ற எண், என்ன என்று அவர்களிடம் கேள். 'லிமிட்' என்று போட்டிருக்கும் எண்ணைச் சொன்னால் ஏற்காதே. அது ஆண்களின் உடலை வைத்து, சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவுக்குக் கணக்கிட்டது. அடியில் விரிக்கும் பாய் எத்தனை என்றும் கேள். தரையின் குளிர் மேலே ஏறும், உடம்புக்கடியில் நசுங்கிய பஞ்சு அதைத் தடுக்காது.

அடுக்கும்போது கனமானதை முதுகை ஒட்டி, நடுவில் வை. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிவிட்டால் தோளில் பாரம் குறையும். உன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது. எட்டு கிலோ என்றால் மகிழ்ச்சியாக நடக்கலாம். இரண்டு ஞாயிறுகள் பையில் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு அழகர்கோவிலிலிருந்து சோலைமலை வரை ஏறிப் பார். தாங்கவில்லையென்றால் தண்ணீரைக் கொட்டிவிடலாம்.

பனிக்கால்:

டீச்சரம்மா சொன்னதோடு சில. சென்ற ஜனவரியில் போய்வந்தேன். உச்சி ஏறத்தாழ 3,800 மீட்டர், கடைசி ஏற்றத்துக்கு விடியலுக்கு முன்பே இருட்டில் கிளம்புவார்கள். தலையில் மாட்டும் விளக்கு கட்டாயம், கைபேசி வெளிச்சத்தை நம்ப வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், இரவில் கைபேசியையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேலிருந்துதான் உறையும், மூடி திறக்க வரும்.

முறுக்கு நொறுங்கிவிடும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அரை கிலோ போதும், நடக்கும்போது கோட்டுப் பையிலிருந்தே சாப்பிடலாம்.

பிளாஸ்க் பற்றி டீச்சரம்மா எதுவும் சொல்லவில்லை. பெரியதை விட்டுவிட்டு, சிறியதாக ஒன்று இருக்கட்டும். விடிகாலையில் வெந்நீர் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மதுரை_மல்லி:

இருவருக்கும் நன்றி. பரணிலிருந்த ஷூவை இறக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குதிகால் அருகே மாவு போல உதிர்ந்தது! அக்காவே வந்து பார்த்துவிட்டு, புதிய ஷூவுக்கு இரண்டாயிரம் தருவதாகச் சொல்லிவிட்டாள். பை இப்போது எட்டரை கிலோ. டீச்சர், ஒன்று கேட்கலாமா? பயண நாளில் மாதவிடாய் வந்துவிடும் போலிருக்கிறது.

கோவை_டீச்சர்:

தாராளமாகக் கேள். நாப்கின்களைத் தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்துக்கொள், எடை ஒன்றுமில்லை. பயன்படுத்தியதை மலையில் புதைக்காதே, அந்தக் குளிரில் அது மக்காது. காகிதத்தில் சுற்றி, கறுப்பு உறையில் போட்டு, ஜிப் வைத்த உறைக்குள் மூடிப் பையின் வெளிப் பக்கத்தில் வைத்து இறக்கிக்கொண்டு வா. வயிற்றுவலி மாத்திரை மருத்துவரைக் கேட்டு வாங்கிவை. முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடு, தயங்காதே. நான் தயங்கி ஒரு பகல் முழுவதும் சிரமப்பட்டேன்.