சிங்கப்பூரில் என்ஜினியரிங் இடம் கிடைத்த கதையைச் சொல்லுங்கள்

உட்லண்ட்ஸ்காரன்:
பாலிடெக்னிக்கில் மெக்கட்ரானிக்ஸ் படித்தேன், ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 4க்கு 3.58. பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவர்கள் வெளியிடும் மதிப்பெண் பட்டியலில் அதற்கு எதிரே இருந்த எண் என்னுடையதைவிடக் கூடுதல். அப்பா அதைப் பார்த்துவிட்டு "கட்-ஆஃப் தாண்டலையே, விடுடா" என்றார். தமிழ்நாட்டில் இருக்கும் சித்தப்பாவும் போனில் அதையேதான் கேட்டார், அவருக்கு அண்ணா பல்கலைக்கழகத்து 200க்கு எவ்வளவு என்கிற கணக்குதான் தெரியும். ஆனால் இங்கே அந்த எண் கட்-ஆஃப் இல்லை. போன வருடம் இடம் கிடைத்தவர்களை வரிசையாக நிறுத்தினால் கீழிருந்து 10 சதவீதத்தில் நிற்பவருடைய மதிப்பெண் அது, அதாவது பத்தில் ஒருவர் அதற்கும் கீழே எடுத்து உள்ளே போயிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது ஒரு சீனியர் அண்ணன், பள்ளியில் யாரும் சொல்லவில்லை!

முதல் தடவை கிடைக்கவில்லை, மெக்கானிக்கல் கொடுத்தார்கள். சரி என்று ஏற்றுக்கொண்டு என்எஸ் (கட்டாய தேசிய சேவை) போய்விட்டேன். இடம் அப்படியே காத்திருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த வருடம் வேறு படிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். அப்படித்தான் போட்டேன், இந்தத் தடவை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். முகாமில் விடுப்பு எழுதி வாங்கி, மொட்டைத் தலையோடு போய் உட்கார்ந்தேன். என் கடைசி வருட ரோபோவைப் பற்றிப் பேராசிரியர் கேட்டார், "ஏன் சாதாரண டிசி மோட்டார், படிப்படியாக எண்ணிச் சுழலும் ஸ்டெப்பர் ஏன் போடவில்லை?" பெரிதாக ஏதாவது அளக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன், அப்புறம் "சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அன்றைக்கு அதுதான் இருந்தது, ஆனால் அதனால் சக்கரம் எங்கே நிற்கிறது என்று கணக்கு வைக்க முடியாமல் இரண்டு வாரம் அல்லாடினேன்" என்று உள்ளதைச் சொன்னேன். சிரித்துவிட்டு அந்த இரண்டு வாரத்தைப் பற்றியே இருபது நிமிடம் கேட்டார். மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது இரண்டாம் ஆண்டு, சி நிரல் மொழி என்னை வறுத்தெடுக்கிறது, அது வேறு கதை.

ஜூரோங் அம்மா:
தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. எங்கள் மகள் படித்தது ஜேசியில் (ஜூனியர் கல்லூரி), எந்தப் பொறியியல் என்றே தெரியாமல் முழித்தாள். அதனால் துறையை முதலில் கேட்காத படிப்பாகத் தேடினோம். என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) பொதுப் பொறியியலாகச் சேர்ந்து பிறகு துறையைத் தேர்ந்தெடுக்கலாம், எஸ்யுடிடியில் (சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம்) முதல் மூன்று பருவம் எல்லாருக்கும் ஒரே பாடம். எஸ்யுடிடி அப்பர் சாங்கியில், எங்கள் வீட்டுக்கு அந்தக் கோடி. அவள் அதைத்தான் எடுத்தாள், பொருள்களைக் கையால் செய்து பார்க்கும் பாடம் அதிகம் என்று. நான் என்டியுவுக்குத்தான் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ஆசைப்பட்டேன், பூன் லேயில் 179 பேருந்து ஏறினால் வாசலில் விடும். யார் கேட்கிறார்கள்!

நாங்கள் நிரந்தரவாசிகள். கல்விக் கட்டண மானியம் எடுத்தால் படிப்பு முடிந்து 3 வருடம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும், குடிமக்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கையெழுத்துப் போடும் முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு முந்தின ராத்திரிதான் பேசினோம், யாரும் தூங்கவில்லை.

காபிக்கடை மாமா:
என் பையனும் ரோபோ செய்கிறான். தம்பி, சிம் லிம் டவரில் எந்த மாடி?

உட்லண்ட்ஸ்காரன்:
மாடி ஞாபகமில்லை மாமா, இரண்டு மூன்று கடை ஏறி இறங்கத்தான் வேண்டும். ஸ்டெப்பர் மோட்டாராகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.