காய்ச்சல்காரரின் ஸ்வெட்டரைக் கழற்றிப் பார்க்க நேரம் இருக்கிறதா?

குளிர்மலை டாக்டர்:
மேல்பழனி மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6 வருடம் வேலை பார்த்தேன். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்து சனங்கள்தான் அதிகம் வருவார்கள். புதிதாக வரும் டாக்டர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று வந்தவரின் ஸ்வெட்டரைக் கழற்றிப் பாருங்கள்.

தப்பு செய்துதான் இதைக் கற்றேன். பூண்டுக் காட்டில் களை எடுக்கும் ஓர் அம்மா. ஐந்து நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. சால்வை, ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு சட்டை. துணிக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து மூச்சு வாங்க வந்தார். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே துணி மாற்றிய நர்ஸ்தான் மார்புக்கு அடியில் அந்தப் பொருக்கைப் பார்த்திருக்கிறார். சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கருப்பு, ஓரத்தில் சிவப்பு. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல். அதன் கிருமியைப் பரப்பும் புதரோரத்துச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்த இடம் அது. பெரும்பாலும் வலிக்காது, அதனால் கடிபட்டவருக்கே தெரியாது. அந்தக் கிருமியிடம் அமாக்சிசிலின் எடுபடாது. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் 2 வேளை கொடுத்திருக்க வேண்டும். விலை மலிவான மாத்திரை, என் மேசைக்குப் பின்னால் அலமாரியிலேயே இருந்தது. அவர் பிழைத்துவிட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

நைட் டியூட்டி:
மேடம், நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் இங்கே நடக்காது. நான் ஒரே டாக்டர். காலையில் மட்டும் 120 டோக்கன், ஓ.பி. 4 மணி நேரம். ஆளுக்கு 2 நிமிடம். ஸ்வெட்டர் பட்டனைக் கழற்றவே ஒரு நிமிடம் போய்விடும். திரை கிடையாது, வரிசை என் மேசை வரை நிற்கும். நீங்கள் பெண். நான் போய் ஒரு அக்காவிடம் மார்புக்கு அடியில் பார்க்கணும் என்றால் ஊர் என்ன பேசும்? பொருக்கு எல்லாருக்கும் இருப்பதும் இல்லை, கருத்த தோலில் சட்டென்று தெரியவும் செய்யாது. ரத்தம் எடுத்து, எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா பரிசோதனைக்கு அனுப்புவதுதான் சரி.

குளிர்மலை டாக்டர்:
கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரியவே நாளாகும். முதல் வாரத்தில் எலைசா நெகட்டிவ் என்று வரலாம். அதை நம்பி மருந்தை நிறுத்திவிட்டால்?

பூண்டுக்காரி:
ரத்தம் கொடுத்துவிட்டு நாளைக்கு வா என்பது உங்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்கு அது இன்னொரு நாள் கூலி. மத்தியான பஸ்ஸை விட்டால் சாயங்காலம் வரை காய்ச்சலோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வெட்கத்தைப் பற்றிச் சொன்ன தம்பிக்கு: எதற்கு என்று சொல்லிக் கேட்டால் காட்டுவோம். காரணம் சொல்லாமல் கழற்று என்றால்தான் கோபம் வரும். டாக்டரம்மா, ஒன்று கேட்கிறேன். இவ்வளவு கற்றுக்கொண்ட நீங்களும் 6 வருடத்தில் இறங்கிப் போய்விட்டீர்களே?

குளிர்மலை டாக்டர்:
போனேன். மலையில் வேலை பார்த்ததற்குக் கிடைத்த கூடுதல் மதிப்பெண்ணை வைத்துத்தான் மேல்படிப்புக்குப் போனேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. அதனால்தான் அடுத்து வருபவரிடமாவது சொல்கிறேன்.

ஊசி அறை:
நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் நிலையத்தில் காய்ச்சல் டோக்கன் முதலில் எங்களிடம்தான் வரும். 120 பேரில் காய்ச்சல்காரர் பதினைந்து, இருபது பேர் இருந்தால் அதிகம். ஜன்னல் கம்பியில் பழைய பெட்ஷீட்டைக் கட்டித் திரை போட்டிருக்கிறோம். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், காதுக்குப் பின்னால் பார்ப்போம். அப்புறம் பாவாடை நாடா இறுக்கும் இடம், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். பூச்சி ஊர்ந்து வந்து துணி இறுகும் இடத்தில்தான் நின்று கடிக்கும். பொருக்கு இருந்தால் சீட்டில் வட்டம் போட்டு டாக்டரிடம் அனுப்புவோம்.

நைட் டியூட்டி:
அக்கா, உங்களிடம் ஆள் இருக்கிறது. இங்கே ஒரே நர்ஸ், பிரசவ அறையும் அவர் பொறுப்புதான். அதனால் என் வழி வேறு. ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலுக்கு வேறு காரணம் தெரியாவிட்டால், பொருக்கு இல்லாவிட்டாலும் டாக்ஸிசைக்ளின் தொடங்கிவிடுகிறேன். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின்.

குளிர்மலை டாக்டர்:
மருந்து சரி. ஆனால் அந்த அம்மா என்னிடம் வந்தபோது ஐந்து நாள்தான் ஆகியிருந்தது, தாண்டவில்லை. உங்கள் கணக்குப்படி அவரை அன்றைக்கும் வெறும் கையோடுதான் அனுப்பியிருப்பீர்கள்.