ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் டேப் விசையிடம் மாட்டியவர்கள் உண்டா?

துளையட்டை:
ஃபோர்ட்ரான் 77, பழைய வெப்பக் கணக்கு நிரல். பழைய மெஷினில் பல வருஷம் ஒழுங்காக ஓடியது. லினக்ஸுக்கு மாற்றியதும் விடை வேறு, பிழைச் செய்தியும் இல்லை. மூன்று நாள் ஃபார்முலாவையே சந்தேகப்பட்டேன். கடைசியில் அச்செடுத்து, ஸ்கேலை வைத்து எழுத்து எழுத்தாக எண்ணினேன். வரியின் தொடக்கத்தில் ஸ்பேஸ் இல்லை, டேப்! பழைய கம்பைலர் (நிரலை மெஷின் மொழிக்கு மாற்றுவது) டேப்பைக் கண்டால் நேராக, கட்டளை தொடங்கும் 7வது கட்டத்துக்குத் தாவும். புதியது 8 இடம் விட்டு 9இல் தொடங்குகிறது. ஒரு வரியில் 72வது கட்டம் வரைதான் படிக்கும். வரி இரண்டு கட்டம் தள்ளிப்போய், 72ஐத் தாண்டிய ‘12’ கழன்றுவிட்டது. ‘டெம்ப்12’ வெறும் ‘டெம்ப்’. அப்படியொரு வேரியபிளே இல்லையே என்று கம்பைலர் முனகக்கூட இல்லை. தாளில் நான் விரலை வைத்திருந்த அந்த ‘12’ அதன் கணக்கில் இல்லவே இல்லை. இன்னும் உறுத்துகிறது.

அரைப்புள்ளி:
சார், 80 கட்டத்தில் கடைசி 8, அந்தக் காலத்து நிரல் அட்டையின் வரிசை எண்ணுக்கு என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே. இதில் என்ன ரகசியம்? என்னைக் கடித்தது ஸ்பேஸ். ‘டூ 10 ஐ = 1,10’ (ஐ 1 முதல் 10 வரை திரும்பத் திரும்ப ஓடும் லூப்) என்பதில் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி அடித்துவிட்டேன். ஃபோர்ட்ரான்தான் ஸ்பேஸை மதிக்காதே. ‘டூ10ஐ’ என்ற வேரியபிளில் 1.10ஐப் போட்டுவிட்டு நகர்ந்தது. லூப் ஒரே ஒரு தடவை. (இதே புள்ளியால்தான் நாசாவின் மாரினர் 1 விண்கலம் கவிழ்ந்தது என்ற கதையை யாரும் எடுக்க வேண்டாம். 1962இல் அதைக் கவிழ்த்தது சமன்பாட்டை எடுத்தெழுதியபோது விடுபட்ட ஒரு மேற்கோடு.)

துளையட்டை:
72இல் வெட்டுவதையா ரகசியம் என்றேன்? 77 தரநிலையின் எழுத்துப் பட்டியலில் டேப்பே கிடையாது. ஆளுக்கொரு விதமாக எண்ணினார்கள். என் புகார் அதுதான்.

கரிசல்:
எனக்கும் டேப்தான், ஒரு ராத்திரி போனது. அதை விடுங்கள். இனி இப்படிச் செய்யுங்கள்: டேப்பை ஸ்பேஸாக்கும் ‘எக்ஸ்பாண்ட்’ கட்டளையைத் தொடாதீர்கள், அதுவும் 8தான் போடும். வரி முதலில் உள்ள டேப்புக்குப் பதில் 6 ஸ்பேஸ். ஆனால் டேப்புக்கு அடுத்து 1 முதல் 9 வரை ஓர் எண் இருந்தால் பழைய கம்பைலருக்கு அது முந்தைய வரியின் தொடர்ச்சி. அங்கே 5 ஸ்பேஸ்தான். அப்புறம் ஒவ்வொரு சப்ரூட்டினிலும் ‘இம்ப்ளிசிட் நன்’ போடுங்கள், அறிவிக்காத வேரியபிள் வந்தால் கம்பைலர் பிழை சொல்லும். வரி நீளத்தை 132 ஆக்கினால் போதும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். 73இல் பழைய வரிசை எண் கிடந்தால் அதையும் சேர்த்துப் படித்துத் தொலைக்கும்.