கடிகார டாக்டர்: கூட வேலை பார்த்தவர்கள் எழுதுவது

ஊர்க்காரர்

1972-ல் தர்மபுரி மாவட்டத்துச் சின்ன ஊர் ஒன்றில் சந்தைத் தெருவில் பல் டாக்டராக அவர் போர்டு மாட்டினார். 2019 வரை அதே அறை, அதே நாற்காலி. நாற்காலிக்கு நேர் எதிரே சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம். பல் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, "பெரிய முள்ளு கீழ ஆறுக்கு வர்ற வரைக்கும் வாயத் திறக்கப்படாது" என்பார். கடிகார டாக்டர் என்ற பேர் அப்படி வந்ததுதான்.

நல்ல மனுஷன், ஏழைகளிடம் காசு வாங்கமாட்டார் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். இங்கே அது வேண்டாம். அவர் எப்படி வேலை செய்தார், எதை ஏன் அப்படிச் செய்தார், அப்படிச் செய்யாவிட்டால் என்ன கெடும் என்று கூட இருந்தவர்கள் எழுதினால் நல்லது.

லேப் டெக்னீஷியன்

பல்செட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். சுற்றுக் கிராமங்களுக்கு அவர் முதலில் பல்செட் டாக்டர்தான்.

எல்லாப் பல்லையும் எடுத்த கையோடு செட் கேட்டு வருவார்கள். மூணு மாசம் கழித்து வரச் சொல்லுவார். பல் போன இடத்தில் எலும்பு ஆரம்ப மாதங்களில் வேகமாக வற்றும். இன்றைய அளவுக்குச் செய்த செட் அடுத்த பொங்கலுக்கு வாயில் ஆடும். கல்யாணம் காட்சி என்று அவசரப்படுகிறவர்களுக்குத் தற்காலிக செட் செய்து கொடுப்பார். ஆனால் அது தற்காலிகம் என்பதைச் சீட்டில் எழுதி, இரண்டு தடவை படித்துக் காட்டித்தான் கொடுப்பார்.

அளவு எடுக்க முதலில் காம்பவுண்டு, சூட்டில் இளகி ஆறினால் இறுகும் பொருள். 55 முதல் 60 டிகிரி வெந்நீரில் இளக்கி டிரேயில் வைத்து அழுத்துவார். அதன் மேல் ஜிங்க் ஆக்ஸைடு யூஜினால் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி இரண்டாம் அளவு. மேல் செட்டுக்கு முக்கியம் பின் ஓரம். "ஆ" சொல்லச் சொன்னால் மேலண்ணத்தில் எங்கே அதிர ஆரம்பிக்கிறதோ, அந்தக் கோட்டை பென்சிலால் குறித்துக்கொள்வார். அச்சில் அந்த இடத்தை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சுரண்டிவிடுவோம். செட்டின் ஓரம் அங்கே சதையில் லேசாக அமுங்கி, காற்று புகாமல் அடைத்துக்கொள்ளும். மேல் செட் நிற்பதே அந்த அடைப்பில்தான். இதை விட்டுவிட்டால் இருமும்போது செட் கழன்று விழும்.

அடுத்தது உயரம். பல் வரவேண்டிய இடத்தில் மெழுகால் கட்டிய வரம்பை, ரிம் என்போம், மேலும் கீழும் வாயில் வைத்து "ம்ம்" சொல்லச் சொல்லுவார். உதடு சேர்ந்து தாடை தளர்ந்து நிற்கும். அப்போது மூக்கு நுனிக்கும் முகவாய்க்கும் நடுவே ஒரு அளவு. ரிம் இரண்டும் முட்டும்போது இன்னொரு அளவு. வித்தியாசம் 2 முதல் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பேசும்போது பல் கடகடவென்று தட்டும், ஈறு வலிக்கும். அதிகமாக விட்டால் முகம் ஒடுங்கிப்போய் வாயோரம் புண் வரும்.

மெழுகில் பல் அடுக்கிப் போட்டுப் பார்க்கும்போது அவர் சொல்லச் சொல்லும் வார்த்தை "வவ்வால்". வ சொல்லும்போது மேல் முன்பல் நுனி கீழுதட்டின் உள்விளிம்பைத் தொட்டும் தொடாமல் நிற்க வேண்டும். உதட்டில் குத்தினால் பல் நீளம். தொடவே இல்லையென்றால் குட்டை, அல்லது உள்ளே தள்ளி அடுக்கியிருக்கிறோம். புத்தகத்தில் இதற்கு எஃப் எழுத்து போட்டிருக்கும். இந்த ஊர்ப் பாட்டிகள் எஃப்பை 'பு' என்று சொல்லுவார்கள், அப்புறம் எதைப் பார்த்து எதைத் தீர்மானிப்பது?

செட்டின் ஈறு பாகம் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். அதை வேக வைப்பதில்தான் பல லேபுகள் அவசரப்படும். பவுடர் மூணு பங்கு, திரவம் ஒரு பங்கு, அளவுக் குப்பியால். முதலில் மணல் மாதிரி இருக்கும். அப்புறம் தொட்டால் நூல் இழுக்கும். கையில் ஒட்டாமல் மாவாக உருளும் நேரத்தில்தான் ஃபிளாஸ்க்கில், அதாவது அச்சு இருக்கும் உலோகப் பெட்டியில், அடைக்க வேண்டும். முன்னாடி அடைத்தால் வழிந்து பொத்தலாகும். தாமதமானால் ரப்பர் மாதிரி ஆகி பல்லை இடம் நகர்த்திவிடும். அடைத்த பின் 74 டிகிரி தண்ணீரில் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் கொதிநிலையில் ஒரு மணி நேரம். நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? திரவம் கொதிப்பது சுமார் 100 டிகிரியில். அக்ரிலிக் இறுகும்போது அதுவே சூட்டைக் கிளப்பும். இரண்டும் சேர்ந்து தடிமனான இடத்தில் திரவம் ஆவியாகி உள்ளே குமிழி விடும். வெளியே பளபள, உள்ளே தேன்கூடு. கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, குமிழி தெரிந்தால் ஒரு வார்த்தை பேசாமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் போவார். மறுபடி செய்ய வேண்டியதுதான்.

வெந்த ஃபிளாஸ்க்கை உடனே பச்சைத் தண்ணீரில் முக்கக் கூடாது. செட் முறுக்கிக்கொள்ளும். அரை மணி மேஜையில் ஆறட்டும், பிறகு தண்ணீர். முடித்த செட்டை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்துத்தான் கொடுப்போம். மிச்சம் இருக்கும் திரவம் கசிந்து போகும், வாய் எரிச்சல் குறையும்.

கேள்வி

உடைந்த செட்டைக் கடையில் விற்கிற இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வார்?

லேப் டெக்னீஷியன்

திட்டுவார். அப்புறம் பசையை ஒரு துளி விடாமல் சுரண்டி எடுக்கச் சொல்லுவார். பசைப் படலம் இருந்தால் இரண்டு துண்டும் முடியளவு தள்ளி நிற்கும், அந்த முடியளவு வாயில் போதும் புண்ணுக்கு. சரியாகப் பொருத்தி, பின்புறம் பிளாஸ்டர் மாவு ஊற்றி அச்சு எடுத்து, உடைந்த ஓரத்தை 2, 3 மில்லிமீட்டர் அகட்டிச் சரிவாக ராவி, அதில் தானே இறுகும் அக்ரிலிக் போடுவோம். ஒரே இடத்தில் மறுபடி உடைந்தால் ஒட்டுவதில் பிரயோஜனமில்லை. எலும்பு வற்றி செட் நடுவில் மட்டும் ஊன்றி ஆடுகிறது என்று அர்த்தம்.

உதவியாளராக இருந்தவர்

ஆரம்பத்தில் கருவிகளைக் கொதிக்கிற தண்ணீர்ப் பெட்டியில்தான் போடுவது. அந்தக் காலத்து வழக்கம் அதுதான். நூறு டிகிரியில் கிருமிகள் சாகும், சில கிருமிகளின் வித்துகள் சாகாது. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடித்த செய்தி வந்த பிறகு பிரஷர் குக்கர் மாதிரி ஆட்டோகிளேவ் வாங்கினார். கண்ணாடி சிரிஞ்சுகளை மூட்டை கட்டிவிட்டார், கையுறையும் அப்போதுதான் கட்டாயமானது.

15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 20 நிமிடம். இதில் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மூடியதும் வெயிட்டைப் போட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியே போகாது. முள் 15 காட்டும், சூடு 121-க்கு வந்திருக்காது. ஆவி பீய்ச்சிக்கொண்டு ஒரே சீராக வரும் வரை பொறுத்துத்தான் வெயிட் போட வேண்டும், கடிகாரம் அங்கிருந்துதான் ஓடும். பொட்டலத்தில் ஒட்டுகிற ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் சூடு பட்டது என்றுதான் பொருள், கிருமி செத்தது என்று இல்லை. கருவிகளைக் குவித்து அடைத்தாலும் ஆவி நடுவே போகாது. எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரை ஊற்றினால் பத்தே நாளில் சுண்ணாம்பு படியும், அதனால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் கேன்.

வெள்ளி அடைப்பு: கண்ணாடி உரலில் வெள்ளித் தூளும் பாதரசமும் போட்டு அரைப்போம். பழைய முறையில் பாதரசம் கூடுதல், எடையில் 8-க்கு 5. அரைத்து மஸ்லின் துணியில் முறுக்கிப் பிழிந்தால் மிச்சம் முத்து முத்தாக உருண்டு வரும். பிறகு ஒன்றுக்கு ஒன்று கணக்குக்கு மாற்றினார். பிழிகிற வேலை போயிற்று, கைக்கும் நல்லது. சிந்தினால் துடைப்பம் போடக் கூடாது, நுணுங்கிப் பரவிவிடும். எக்ஸ்ரே அட்டையால் உருட்டிச் சேர்த்து, மூடியிருக்கும் பாட்டிலில் தண்ணீருக்கு அடியில். அரைத்த கலவைக்கு அமால்கம் என்று பேர், அதில் மிச்சமானதும் அப்படியே.

பல்லில் எச்சில் ஈரம் இருக்கும்போது அடைத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துத்தநாகம் கலந்த தூளாக இருந்தால் மூணு நாலு நாளில் உப்ப ஆரம்பிக்கும், ஆள் வலியோடு திரும்பி வருவார். அதனால் பஞ்சுருளையை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் உதவியாளர் வேலையில் பாதி. பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் நடைமுறைக்கு வந்தபோது, அவர் ஏற்கெனவே பெரும்பாலும் பல் நிற அடைப்புகளான கிளாஸ் அயனோமருக்கும் காம்போசிட்டுக்கும் மாறியிருந்தார்.

ஜூனியர் டாக்டர்

ஊசியைப் பற்றி. மரத்துப்போகச் செய்யும் மருந்து இரண்டு சதவீத லிக்னோகைன், அட்ரினலினோடு. கீழ்க் கடைவாய்க்கு உள்ளே செலுத்தும் முன் பிஸ்டனைப் பின்னால் இழுத்துப் பார்ப்பார். ரத்தம் வந்தால் நாளத்தில் நிற்கிறோம், இடம் மாற்று. ஒன்றரை மில்லியை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் போடுவார். சீக்கிரம் போட்டால் வலி, படபடப்பு. பிறகு ஐந்து நிமிடம் சும்மா. "மரத்துச்சா?" என்று கேட்கமாட்டார், எல்லாரும் பயத்தில் ஆமாம் என்பார்கள். "கீழுதடு தடிச்ச மாதிரி இருக்கா, எந்தப் பக்கம்?" என்பார். உதட்டில் பாதி தடிக்கவில்லையென்றால் கொறடை எடுக்கமாட்டார். சீழ் வீக்கத்தோடு வருகிறவர்களுக்கு அந்த இடத்தில் அமிலத்தன்மை, மருந்து சரியாக வேலை செய்யாது. முதலில் சீழை வடியவிடுவது, பிறகுதான் பல். காலையில் சாப்பிடாமல் வந்தால் எதிர்க்கடை இட்லிக்கு அனுப்பிவிடுவார். மயக்கம் போட்டு விழுவதற்கு வெறும் வயிறும் ஒரு காரணம்.

எடுத்த பின் 24 மணி நேரம் துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, பீடி கூடாது. குழிக்குள் உறையும் ரத்தக்கட்டிதான் மூடி. அது பெயர்ந்தால் இரண்டாம் மூன்றாம் நாள் காது வரை தெறிக்கிற வலி. வீங்கியிருக்காது, சீழ் இருக்காது, குழியில் எலும்பு சாம்பல் நிறத்தில் தெரியும். அதற்குக் கழுவி, கிராம்பு எண்ணெய் கலந்த மருந்துப் பட்டை வைப்பார். இன்னொரு பல்லை எடுத்துத் தொலைக்கச் சொல்லுவார்கள், கேட்கமாட்டார். வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கி ஈறு வெந்து வெள்ளையாக வருகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது உண்டு. மாத்திரை வயிற்றுக்கு, ஈறுக்கு அல்ல.

இந்த மாவட்டத்தில் வேலை பார்த்தவருக்கு, நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடு உப்பு பல்லை என்ன செய்யும் என்று தெரியாமல் இருக்க முடியாது. சுண்ணாம்புக் கோடு, பழுப்புக் கறை, அதிகமானால் அம்மைத் தழும்பு மாதிரி குழி. அது அழுக்கு இல்லை. பல்லின் கெட்டியான மேலோடான எனாமல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர் உள்ளே எழுதிவைத்தது. ஆசிட் வைத்து ராவி வெள்ளையாக்குகிறேன் என்று சந்தையில் உட்கார்கிறவர்களிடம் போய்வந்த பல்லைத்தான் அவர் கடைசியில் சரிசெய்ய வேண்டியிருந்தது. லேசான கறைக்கு பியூமிஸ் கல் தூள் கலந்த மெல்லிய உரசல், ஆழமானதற்கு மேலே காம்போசிட் பூச்சு. ஃப்ளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு அசையாது, பூச்சு பிடிக்க எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கும் எட்சிங் வழக்கமான 15 நொடி போதாமல் பூச்சு பெயர்ந்து வரும். ஒரு நிமிடம் வரை வைப்பார், கழுவி உலர்த்தியதும் சுண்ணாம்பு வெள்ளையாக மங்கினால்தான் அடுத்தது.

கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது எந்தக் கிணறு, எத்தனை அடி போர் என்றுதான். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றும் அளவுக்கு அடர்த்தி கூடும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு, குழாய் வந்த தெரு எது, வராத தெரு எது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தார்.

மெக்கானிக்

டாக்டர் கிளினிக்கில் ஏர்ரோட்டருக்கு, அதாவது காற்றில் சுழன்று பல்லை வெட்டும் கருவிக்கு, ஆயுசு அதிகம். காரணம் சாயங்காலம் கம்ப்ரசர் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுவார். விடாவிட்டால் ஈரம் குழாய் வழியாக வந்து பேரிங் துருப்பிடிக்கும். அழுத்தத்தை 30, 32 பவுண்டுக்கு மேல் வைக்கமாட்டார். வேகமாக வெட்டும் என்று 45 வைக்கிறவர்கள் மாதா மாதம் உள்ளே சுழலும் கார்ட்ரிட்ஜை மாற்றுவார்கள். ஆட்டோகிளேவுக்கு முன்னாடி இரண்டு சொட்டு எண்ணெய், அரை நிமிடம் ஓட்டி வெளியே கக்க விடணும்.

2012 மின்வெட்டில் பாதி நாள் கரண்ட் இல்லை. தொட்டியில் இருக்கிற காற்று கொஞ்ச நேரம்தான் வரும். எனாமலை அதில் வெட்டிவிட்டு, மிருதுவான சொத்தையைப் பழைய கால் எஞ்சினில் சுரண்டி முடிப்பார், தையல் மெஷின் மாதிரி மிதித்துக்கொண்டு. அதில் சூடு ஏறாது, ஆனால் பல்லில் அதிர்வு தெரியும்.

ஊர்க்காரர்

அந்தக் கால் எஞ்சின் இன்னும் மாடியில் கிடக்கிறது. ஓடுமா?

மெக்கானிக்

சக்கரம் நல்லா இருக்கு, கயிறுதான் அறுந்திருக்கு. நைலான் போட்டுடாதீங்க, வழுக்கும். பருத்திப் பின்னல் கயிறு, முடிச்சுப் போடாமல் இரண்டு நுனியையும் ஒன்றுக்குள் ஒன்று செருகித் தைக்கணும். முடிச்சு இருந்தா ஒவ்வொரு சுற்றுக்கும் கைப்பிடி துள்ளும்.