மகள் படத்தைக் கடை ஃப்ளெக்ஸில் வெளுப்பாக்கிவிட்டார்கள், பொங்கலுக்கும் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

காரிமங்கலம் தையல்காரி:

வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறேன். பக்கத்து ஊர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு நாலைந்து வருடமாகப் பட்டுப் பாவாடை தைத்துக் கொடுக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் கடைக்காரர், "உங்க பொண்ணு நல்ல உயரம், நீங்க தைச்சதையே போட்டு நிக்க வைங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறோம்" என்றார். மாடலை வெளியூரிலிருந்து கூப்பிட்டால் அவருக்குச் செலவு. எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். மகளுக்கு 13 வயது, எட்டாவது படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஸ்டுடியோவில் நின்றாள். 2,000 ரூபாயும் அந்தப் பாவாடையும் கொடுத்தார்கள்.

ஃப்ளெக்ஸ் வந்த அன்று மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். கடை வாசலில் பத்தடி உயரம். அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம பாப்பா படம் எங்க?" என்று கேட்டார். அவள் படத்துக்கு நேர் கீழேதான் நின்றிருந்தார்.

என் மகள் என்னை மாதிரி கருப்பு. படத்தில் உரித்த பூண்டு மாதிரி இருக்கிறாள். சின்ன வயதில் திண்ணையிலிருந்து விழுந்து தாடையில் ஒரு தழும்பு உண்டு, அது இல்லை. கையை மெலித்திருக்கிறார்கள். பாவாடை ஜரிகையில் மட்டும் ஒரு இழையைக்கூடத் தொடவில்லை.

வீட்டுக்காரர், விளம்பரம், மாடலிங் எல்லாமே சமுதாயத்தைக் கெடுக்கத்தான் என்கிறார். அவருக்கு அரைகுறை ஆடைதான் பிரச்சினை. இவள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடித்தான் நிற்கிறாள், அதனால் அந்தப் பேச்சு இங்கே எடுபடவில்லை. தங்கச்சியோ, "இந்த வாய்ப்பு யாருக்கு வரும்" என்கிறாள். மகள் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் என் போனில் வாட்ஸ்அப் முகப்புப் படமாக அதைத்தான் வைத்திருக்கிறாள். பள்ளியில் த்ரோபால் ஆடப் போவதில்லை, வெயிலாம். பஸ் ஸ்டாப் வரை நடக்கக் குடை கேட்கிறாள். போன வருடம் வரை புளியமரத்தில் ஏறி நின்ற பிள்ளை.

இப்போது பொங்கலுக்கும் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். விளம்பரம் நிஜமாகவே கெடுதலா, இல்லை நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

தகடூரான்:

விளம்பரமே பொய்தான் சகோதரி. பெண்பிள்ளையைக் கொண்டுபோய் ஃப்ளெக்ஸில் ஏற்றியது உங்கள் தப்பு. டிவியையும் போனையும் நிறுத்துங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

கிருஷ்ணகிரி ஃப்ளெக்ஸ்காரன்:

தகடூரான் அண்ணா, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களில் யாராவது ஒருத்தன் ஃப்ளெக்ஸ் அடித்துத்தான் இருப்பான். முகத்தை வெளுக்கச் சொன்னீர்களா இல்லையா என்று யோசித்துப் பாருங்கள்.

அக்கா, பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன். கருப்பு முகத்தை அப்படியே மெஷினுக்கு அனுப்பினால் கன்னம், கண்ணுக்குக் கீழே எல்லாம் இங்க் அடைத்து ஒரே திட்டாக வரும். அதனால் கொஞ்சம் தூக்கித்தான் ஆகவேண்டும். அது தொழில். அதற்கு மேல் தூக்குவது தொழில் இல்லை, கேட்பவர் ஆசை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், எதுவானாலும் "கொஞ்சம் பளிச்சுனு போடுப்பா" என்பார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் கேட்பார்கள். எண்பது வயதுத் தாத்தா, ஆயுசு முழுக்கக் கேழ்வரகுக் காட்டில் நின்றவர், அவரை ரோஜா நிறத்தில் அனுப்பிவைக்கிறோம். கேட்காதவர்களுக்கும் நானே வெளுத்துவிடுவது உண்டு. இல்லையென்றால் திரும்பி வந்து சண்டை போடுவார்கள், மறுபடி அடித்தால் ஃப்ளெக்ஸ் செலவு என் தலையில். இப்போது கை தானாகப் போகிறது.

2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் இறந்தபிறகு எங்களுக்குக் கொஞ்ச நாள் வேலையே இல்லை. பேனரை எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று ஊரெல்லாம் பேச்சு. அதில் என்ன அடிக்கிறோம் என்று அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, தர்மபுரி:

சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன், நியாயத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருப்பாக இருப்பவரை வேலை கிடைக்காதவர், கல்யாணம் ஆகாதவர் என்று காட்டக்கூடாது என 2014இல் இந்திய விளம்பரத் தர கவுன்சில் விதி போட்டது. 1975இலிருந்து விற்றுவந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் குளோ அண்ட் லவ்லி ஆனது. ட்யூப் அதே ட்யூப்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம். 1915க்குப் போன் போட்டால் புகார் எடுப்பார்கள். ஆனால் உங்கள் ஃப்ளெக்ஸ் இதில் எதிலும் சரியாக மாட்டாது. விற்றது பாவாடை. பாவாடையைப் பற்றி அவர்கள் பொய் சொல்லவில்லை. பிரான்ஸில் 2017இலிருந்து மாடலின் உடம்பைக் கம்ப்யூட்டரில் மெலித்தாலோ பருக்க வைத்தாலோ "திருத்திய படம்" என்று விளம்பரத்திலேயே போட வேண்டும். அங்கேயும் அது உடம்பின் வடிவத்துக்குத்தான், தோல் நிறத்துக்கு இல்லை.

உங்களுக்கு நேரடியாக ஆகக்கூடியது வேறு. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை விளம்பரத்தில் நடிக்க வைப்பது குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குள் வருகிறது. 2017 விதிப்படி மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக்கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கியில் போட வேண்டும். பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஸ்டுடியோவில் ஒரு காலைப்பொழுது போட்டோவுக்கு இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்பீர்கள். பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் இல்லையா?

ஓசூர் பி ஷிப்ட்:

மாடலிங் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் கம்பெனி ஹாஸ்டலில் ஒரு பொண்ணிடம் பெங்களூரில் ஒரு ஏஜென்சி போட்டோ ஆல்பத்துக்கு என்று 18,000 வாங்கினார்கள். ஆல்பம் வந்தது. அவ்வளவுதான் வந்தது. பணம் கேட்கிற இடம் வேலை கொடுக்கிற இடம் இல்லை, அதை மட்டும் மனதில் வையுங்கள் அக்கா.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று ஏக்கர் பெங்களூரா ரக மா. எங்கள் காய் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறது, கூழ் ஜூஸ் பாட்டிலுக்குப் போகிறது. டிவி விளம்பரத்தில் ஒரு அழகான பெண் மாம்பழத்தைக் கடிப்பாள், சாறு மணிக்கட்டு வரை வழியும். பாட்டிலில் பழச்சாறு 10 சதவீதம் இருந்தாலே விதிப்படி போதும். மீதி தண்ணீரும் சர்க்கரையும்தான். ஒரு சீசனில் கிலோ 5 ரூபாய்க்குக் கேட்டார்கள், பறிகூலிக்கே கட்டவில்லை, காயை மரத்திலேயே விட்டேன். அந்த வாரம் என் பேரன் தோப்பில் நின்றுகொண்டு அந்த பாட்டில்தான் வேண்டும் என்று அழுதான். காலடியில் பழம் கிடக்கிறது.

ஆனால் அந்த விளம்பரம் நின்றுபோனால் எங்கள் காயை யார் வாங்குவார்கள்? அதனால் அந்தப் பெண்ணைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

காரிமங்கலம் தையல்காரி:

எல்லாருக்கும் நன்றி. குமாஸ்தா சார் சொன்னதை வைத்துக் கடைக்காரரிடம் பேசினேன். அனுமதி என்றதும் முகம் மாறியது. நிறம் பற்றிச் சொன்னதும், "கலரை மாத்தாம போட்டா துணி எடுபடாதும்மா" என்றார். அந்த அரக்குப் பாவாடைக்குத் துணி எடுக்கும்போதே, மகள் தோளில் வைத்துப் பார்த்துத்தான் நிறத்தை முடிவு செய்தேன். அவள் நிறத்துக்குத்தான் அது எடுப்பு. இதைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஃப்ளெக்ஸ்காரத் தம்பி, அப்படி ஒருவேளை சரி என்றால் இங்க் அடைக்காமல் நீங்கள் அடித்துத் தர முடியுமா? மகளிடமும் இன்னும் கேட்கவில்லை. சம்மதம் என்று விதியில் இருக்கிறதே, அம்மாவுக்கும் அது பொருந்தும் போல.

தீபாவளி ஃப்ளெக்ஸைக் கழற்றி எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். மாட்டுக்கொட்டகைக் கூரை ஒரு பக்கம் ஒழுகுகிறது, அதற்குக் கட்டலாம் என்று மாமியார் எடுத்து வைத்தார். படம் உள்பக்கம் வரட்டும், மாடாவது பார்க்கட்டும் என்பது அவர் கட்சி. மகள் வெளிப்பக்கம்தான் என்று பிடிவாதம், ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். இரண்டு நாளாகச் சுருட்டியபடியே கிடக்கிறது. நேற்று ராத்திரி மழையில் தவிட்டு மூட்டை நனைந்துவிட்டது.