110 டிகிரி வெயிலில் ட்ரெய்லர்: ஏசி ஓடியும் உள்ளே 90-க்குக் கீழே இறங்கவில்லை

பீனிக்ஸ்_குடும்பம் கேட்டது:

வணக்கம். அரிசோனாவில் இருக்கிறோம். 26 அடி ட்ரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் வீடு), பழையதாக வாங்கியது. கூரையில் 13,500 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி ஒன்று, 30 ஆம்ப் இணைப்பு. போன வாரம் லேக் ஹவாசுவில் தங்கினோம். வெளியே 110 டிகிரி ஃபாரன்ஹீட். காலையிலிருந்து ஏசி நிற்காமல் ஓடியும் மூன்று மணிக்கு உள்ளே 91. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். "மதுரை வெயிலையே பார்த்தவன்டா நான்" என்கிறார், எனக்குத்தான் பயம். ஜூலையில் மறுபடி போக வேண்டும். இன்னொரு ஏசி மாட்டிவிடலாமா?

யூமா_ட்ரெய்லர்வாசி:

கொஞ்சம் பொறுங்கள். 30 ஆம்ப், 120 வோல்ட் என்றால் மொத்தமே 3,600 வாட்தான். இந்த வெயிலில் ஒரு ஏசியே அதில் பாதியைத் தின்றுவிடும். இரண்டும் ஓடும்போது யாராவது மைக்ரோவேவைத் தொட்டால் பிரேக்கர் விழும்.

வேலை காரணமாக நான் யூமாவில் ட்ரெய்லரிலேயே குடியிருக்கிறேன். முதலில் இருக்கிற ஏசியைச் சோதியுங்கள். அது காற்றை இழுக்கிற இடத்திலும், குளிர்காற்று விடுகிற இடத்திலும் ஒரு தெர்மாமீட்டரைப் பிடித்துப் பாருங்கள். 20 டிகிரி வாக்கில் வித்தியாசம் இருந்தால் ஏசியில் கோளாறில்லை, வெளிச்சூடுதான் உள்ளே வருகிறது. குறைவாக இருந்தால் ஃபில்டரையும், கூரைமேல் உள்ள காயிலையும் (சூட்டை வெளியே விடும் குழாய்ச் சுருள்) சுத்தம் செய்யுங்கள். அதோடு, கரண்டை அணைத்துவிட்டு உள்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். குளிர்காற்று போகிற அறைக்கும் திரும்பி வருகிற அறைக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். தயாரிக்கும்போதே சரியாக அடைக்காமல் விட்டிருப்பார்கள். குளிர்ந்த காற்று உங்களிடம் வராமல் அங்கேயே சுற்றி ஏசிக்குள் போய்விடும். அலுமினியம் ஃபாயில் டேப் ஒரு சுருள் போதும். என்னுடையதில் விரல் நுழைகிற சந்து இருந்தது. அடைத்த அன்றே படுக்கைப் பக்கம் காற்று வர ஆரம்பித்தது.

அடுத்தது நிழல். வெள்ளித்தாளை ஜன்னலுக்கு உள்பக்கம் ஒட்டினால் கண்ணாடி சுட்டு, அந்தச் சூட்டில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். வெயில் கண்ணாடியைத் தொடவே கூடாது. மேற்குப் பக்கம் வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிழல்வலை கட்டுங்கள். கூரையில் உள்ள 14 அங்குல வென்ட்டுக்கென்றே மெத்தை மாதிரி அடைப்பு கிடைக்கிறது, அதைச் செருகுங்கள். முடிந்தால் ட்ரெய்லரின் குறுகிய பக்கம் மேற்கே பார்க்கும்படி நிறுத்துங்கள்.

காலை ஐந்து மணிக்கே ஏசியை 70-இல் வையுங்கள். மெத்தை, அலமாரி, சுவர் எல்லாம் குளிர்ந்திருந்தால்தான் மதியத்தைத் தாங்கும். பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் எட்டிப் பிடிக்கவே முடியாது. அம்மாவிடம் சொல்லி, சமையலை வெளியே பந்தலடியில் வைத்துக்கொள்ளுங்கள். குக்கர் ஆவி உள்ளே வந்தால் ஏசி அந்த ஈரத்தோடுதான் போராடும்.

மணல்_காற்று:

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ப்ளக்கில் செருகும் வோல்ட்மீட்டர் ஒன்று வாங்குங்கள். சாயங்காலம் முகாமில் எல்லா ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் விழும். 105-க்குக் கீழே போனால் உடனே ஏசியை அணையுங்கள், இல்லாவிட்டால் கம்ப்ரஸர் போய்விடும். தண்ணீர்க் கூலர் பற்றி யாராவது சொல்வார்கள். ஜூன் மாத வறண்ட காற்றில் அருமை, மழைக்காற்று வந்துவிட்டால் வேர்த்துக் கொட்டும்.

பீனிக்ஸ்_குடும்பம்:

மூடியைக் கழற்றினேன், நீங்கள் சொன்ன இடைவெளி அப்படியே இருந்தது! டேப் ஒட்டிவிட்டேன். நிழல்வலையும் வாங்கிவிட்டேன். இதெல்லாம் செய்தால் ஜூலையில் ஹவாசு போகலாம்தானே?

யூமா_ட்ரெய்லர்வாசி:

நீங்களும் பிள்ளைகளும் என்றால் போகலாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். 2023-இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110-ஐத் தொட்டது, நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் கரண்ட் போனால் ட்ரெய்லர் வெகு சீக்கிரம் சூடேறிவிடும், அந்த மெல்லிய சுவருக்குத் தாங்குசக்தி கிடையாது. பிரஷர் மாத்திரைகளில் சில உடம்பு வெயிலைத் தாங்குவதைக் குறைக்கும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரையில் அவருக்குத் திண்ணையும் வேப்பமர நிழலும் உண்டு, இங்கே தகரப் பெட்டிதான்.

அப்பாவோடு என்றால் மலைமேல் இருக்கும் ஃப்ளாக்ஸ்டாஃப் போங்கள். 7,000 அடி உயரம், ஜூலைப் பகலிலும் 80-ஐ ஒட்டியே இருக்கும், இரவில் போர்வை வேண்டும். பீனிக்ஸிலிருந்து ஐ-17 நெடுஞ்சாலை வழியே சுமார் 145 மைல். விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள், பிளாக் கேனியன் சிட்டி தாண்டியதும் வருகிற ஏற்றத்தில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டி கொதித்துவிடும். காரில் டேங்கை நிரப்பியே வையுங்கள். எங்கே தங்கினாலும் கரண்ட் போனால் பெரியவர்களை உடனே உட்கார வைக்கக் கார் ஏசிதான் கை கொடுக்கும். வார இறுதி இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், இன்றைக்கே பதிவு செய்யுங்கள்.