பதில் வராத மனுவால் என்ன பயன்?

வழிப்போக்கன்:
அரசிடம் மனு கொடுப்பது குடிமக்களின் உரிமை என்கிறோம். அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்திலேயே (1791) அது இருக்கிறது. ஆனால் 1984-இல், மின்னசோட்டா கல்லூரி ஆசிரியர்கள் வழக்கில், மக்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கவோ பதில் சொல்லவோ அரசுக்குக் கட்டாயம் இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதில் சொல்லும் கடமை சேராவிட்டால் மனு உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

தும்பை:
ஏற்க மாட்டேன். 1688-இல் இங்கிலாந்தில் ஏழு ஆயர்கள், மன்னரின் பிரகடனத்தைத் தேவாலயங்களில் வாசிக்க முடியாது என்று இரண்டாம் ஜேம்ஸிடமே மனு கொடுத்தார்கள். அவர்களை லண்டன் கோபுரத்தில் அடைத்து வழக்குப் போட்டார்கள். ஜூரி விடுவித்தது. மறு வருஷமே, மனு கொடுத்ததற்காக ஒருவரைச் சிறை வைப்பதும் வழக்குத் தொடுப்பதும் சட்டவிரோதம் என்று உரிமைச் சட்டத்தில் எழுதினார்கள். குறை சொன்னவரைத் தொடக்கூடாது என்பதே பெரிய பாதுகாப்பு. இன்றும் புகார் கொடுத்தவரை மிரட்டும் இடங்களில் வாழ்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வழிப்போக்கன்:
மிரட்டாமல் இருந்தால் போதுமா? 1842-இல் பிரிட்டனில் வாக்குரிமை கேட்டு சாசன இயக்கத்தார் 33 லட்சம் கையொப்பங்களோடு வந்தார்கள். அவர்கள் தரப்பைச் சபையில் சொல்லக்கூட நாடாளுமன்றம் அனுமதிக்கவில்லை.

தும்பை:
அவர்களுடைய ஆறு கோரிக்கைகளில் ஐந்து பிற்பாடு சட்டமாயின. மறுப்பதும் மனுவுக்கு வலு சேர்க்கும். அடிமை முறைக்கு எதிரான மனுக்களைப் பேச்சுக்கே எடுக்காமல் ஒதுக்க 1836-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை விதி போட்டது. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதே சபையில் உறுப்பினராக இருந்து விடாமல் எதிர்த்தார். 1844-இல் விதி போய்விட்டது. வாயை அடைக்கப் பார்த்ததால்தான் அந்தப் பிரச்சினை நாடு முழுக்கப் பேசப்பட்டது.

வழிப்போக்கன்:
33 லட்சம் பேரில் எத்தனை பேர் அந்தச் சட்டங்களைப் பார்க்க உயிரோடு இருந்தார்கள்? பிற்காலத்தில் நடந்ததைக் காட்டி அன்றைய புறக்கணிப்பை நியாயப்படுத்தாதீர்கள்.

கரிசல்:
இடையில் வருகிறேன். பிரிட்டிஷ் நாடாளுமன்ற இணையதளத்தில் 10,000 கையொப்பம் சேர்ந்தால் அரசு பதில் தருகிறது. 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கிறார்கள். இது போதாதா?

தும்பை:
கூட்டம் சேர்க்க முடிந்தவர்களுக்குப் போதும். ஓய்வூதியம் நின்றுபோன ஒரு விதவைக்கு யார் 10,000 கையொப்பம் வாங்கித் தருவார்கள்? இந்த இடத்தில் வழிப்போக்கன் பக்கம் நிற்கிறேன்.

வழிப்போக்கன்:
ஜெர்மனியைப் பாருங்கள். அடிப்படைச் சட்டம் எனப்படும் அந்நாட்டு அரசமைப்பின் 17-ஆவது பிரிவுப்படி தனி ஒருவரே மனு கொடுக்கலாம். மனுவை வாங்கிப் பரிசீலித்து, என்ன முடிவு செய்தார்கள் என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1953-இலேயே அங்குள்ள அரசமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நிர்வாகம் ஒன்றும் முடங்கிப்போகவில்லை.

தும்பை:
சரி, முடிவைத் தெரிவிப்பார்கள். காரணத்தை விரிவாக எழுதச் சொல்கிறதா அந்தத் தீர்ப்பு? இல்லை. "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது" என்ற ஒரு வரியும் பதில்தான். கடமையாக்கினால் அந்த ஒரு வரியைத்தான் அச்சடித்து அனுப்புவார்கள் என்பது என் பயம்.

வழிப்போக்கன்:
அந்த ஒரு வரி கையில் இருந்தால் மேல்முறையீட்டுக்குப் போகலாம். எதுவுமே வராவிட்டால் எதை எதிர்த்துப் போவது? காரணத்தையும் முடிவெடுத்த அதிகாரியின் பெயரையும் சேர்த்தே கேட்போம், தும்பை. அதற்கு நீங்களும் கையொப்பம் போடுவீர்களா?